ஐந்து டன், ஏணி வண்டி தனி

அடுக்களை என்னுடையது.
கட்டில், பீரோ, சலவை இயந்திரமெல்லாம்
ஆண்கள் மூவரின் பாடு.
கண்ணாடி, பீங்கான், மிளகாய்த்தூள் என் கைக்கு.
பதினோரு வருடமாய் இஞ்சியோன் நகரத்தில்
முன்பின் தெரியாதவர் அடுக்களைகளுக்குள்
காலை எட்டு மணிக்கு நுழைகிறேன்,
காலில் நீலப் பிளாஸ்டிக் உறை மாட்டி.

முதல் வேலை படம் பிடிப்பது.
ஒரு கதவு திறந்தால் ஒரு படம்.
எங்கள் கம்பெனி கொடுக்கும் வாக்கு அது:
ஏற்றிய வீட்டில் எது எங்கே இருந்ததோ
இறக்கும் வீட்டிலும் அது அங்கேயே.
உப்புக்கு இடப்பக்கம் சர்க்கரை என்றால்
நூற்றெழுபது கிலோமீட்டர் தாண்டியும்
உப்புக்கு இடப்பக்கம் சர்க்கரை.

பியோ இன்ஹி பேய் உலவும் நாளில் வீடு மாறினாள்.
சந்திரக் கணக்கில் ஒன்பதும் பத்தும்
பேய்கள் மேலே போய்விடும் நாட்கள்;
அன்றைக்கு நாங்கள் ஒன்றரை மடங்கு வாங்குவோம்.
மதிப்புப் போட வந்தவன் எடுத்துச் சொன்னானாம்.
"பேய்க்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை,
மலிவான நாளைப் போடுங்கள்" என்றாளாம்.

பதினான்காம் மாடி.
பால்கனிச் சன்னலைக் கழற்றிச் சாய்த்தோம்.
கீழிருந்து மியோங்சுவின் ஏணி
கீச்சிட்டுக்கொண்டே நீண்டு வந்து
சட்டத்தின் விளிம்பில் தலை வைத்தது.
சோபா போனது.
கிம்ச்சிக் குளிர்ப்பெட்டி போனது, வாசனையோடு.
பிறகு ஒரு ஜோடி பனிச்சறுக்குப் பலகை.
"இந்தம்மா சறுக்குமா?" என்றான் கன்சோரிக்.
மங்கோலியாவில் பிறந்தவன்,
பனியில் விளையாட என்ன இருக்கிறது அவனுக்கு.
அவள் காதில் விழுந்துவிட்டது.
"அவர் சறுக்குவார்" என்றாள்.
பிறகு, "சறுக்கினார்."

மேல் அலமாரிக்கு எனக்கு முக்காலி வேண்டியிருந்தது.
அவள் என்னிலும் குள்ளம்.
வெளிர்பச்சைக் கிண்ணங்கள், ஆறு.
படம் எண் நாற்பத்தேழு.
தூசி கொஞ்சம்தான். இரண்டு மாதத் தூசி.
பிறத்தியார் அடுக்களையிலேயே நாளைக் கழிப்பவளுக்குத்
தூசியின் வயது தெரியும்.
ஒவ்வொன்றுக்கும் இரண்டு தாள் சுற்றினேன்.

டேஜியோன், ஆறாம் மாடி.
எல்லோருக்குமாய்க் கருஞ்சாந்து நூடுல்ஸ் வரவழைத்தாள்.
மேஸ்திரி போங் இரண்டு பங்கு சாப்பிட்டார்.
அவள் நின்றுகொண்டே சாப்பிட்டாள்,
நாற்காலிகள் இன்னும் ஏணியில் இருந்தன.

புது வீட்டு அலமாரி இன்னும் ஒரு சாண் உயரம்.
கைப்பேசியில் நாற்பத்தேழைத் திறந்தேன்.
மேல் தட்டு, வலது மூலை.
முக்காலியில் ஏறினேன். இறங்கினேன்.
மறுபடி ஏறினேன்.
பக்கத்து அறையில் போங் கேட்டுக்கொண்டிருந்தார்,
கட்டில் எந்தச் சுவரோரம் என்று.
அவள் சுவர்களைப் பார்த்தபடி நின்றாள்.
அவர் படத்தைக் காட்டினார்.
சரி என்றாள்.

பதினோரு வருடத்தில் முதல் தடவையாய்
படம் சொன்னதை நான் கேட்கவில்லை.
கிண்ணங்களை அடுப்புக்குப் பக்கத்துத் தட்டில் வைத்தேன்,
அவள் கை எட்டும் உயரத்தில்.
முக்காலியை மடித்து வண்டியில் போட்டேன்.
ரசீதில் கையெழுத்து வாங்கும்போது
அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள்.
ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்.
எழுதியிருந்தாளாம்:
எல்லாம் இருந்தபடியே இருந்தது, நன்றி.
கிண்ணங்கள் மட்டும் இடம் மாறியிருந்தன.
நாற்காலி போட்டு நானே மேலே வைத்துவிட்டேன்.

குறைந்த நட்சத்திரத்துக்கு
இருபதாயிரம் வோன் என் கூலியில் பிடித்தார்கள்.
பிடித்துக்கொள்ளட்டும்.
எந்த நாற்காலி என்றுதான் யோசனை.
நான்கில் ஒன்றுக்குக் கால் ஆடும்.
அதையும் சன்னலோரமாய்ப் போட்டிருந்தோம்,
படத்தில் இருந்தபடியே.